வினாவில் இருக்கும் சொல்லே புரியவில்லை என்றால் விடை எப்படி வரும்?

கரிசல்மண் எழுதியது:

வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் எட்டிலிருந்து பத்து வரை தமிழ் எடுக்கிறேன். சொல்வளம் பற்றித்தான் கேட்க வந்தேன். ஆனால் நாம் வழக்கமாகப் பேசும் சொல்வளம் இல்லை.

செய்யுளுக்குக் கீழே ‘சொல்லும் பொருளும்’ கொடுத்திருக்கிறார்கள். இயலின் கடைசியில் ‘கலைச்சொல் அறிவோம்’. இரண்டையும் பிள்ளைகள் ஒப்பித்துவிடுகிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு நானே வைத்த அலகுத் தேர்வில் ‘இருவரின் கருத்துகளையும் ஒப்பிட்டு, உம் கருத்தை நிறுவுக’ என்று ஒரு வினா. பாதி வகுப்பு முதல் ஆள் சொன்னதை ஒரு பத்தி, இரண்டாம் ஆள் சொன்னதை ஒரு பத்தி எழுதிக் கோடு போட்டு முடித்துவிட்டது. ஒப்பீடும் இல்லை, நிறுவலும் இல்லை. ஒருவனைக் கூப்பிட்டு “நிறுவுகன்னா என்னடா?” என்றேன். “சிலை வைக்கிறது சார்” என்றான். தப்பு என்றும் சொல்ல முடியாது. சிலைக்குக் கீழே கல்வெட்டில் ‘நிறுவியவர்’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறான்.

இதே பையன் மைதானத்தில், இன்னாரை முதலில் இறக்கினால் ஏன் தோற்போம் என்று காரணம் மேல் காரணமாக அடுக்குவான். எதிராளி சொன்னதை எடுத்து மடக்கவும் தெரியும். ஆக, யோசிக்கத் தெரியாத பிள்ளை இல்லை. அந்த யோசனைக்கு எழுத்துத் தமிழில் இருக்கிற சொற்கள்தான் அவனிடம் இல்லை. ஒப்பிடுக, வேறுபடுத்துக, மதிப்பிடுக, வலியுறுத்துகிறது, உணர்த்துகிறது, எனினும், ஆயினும், இதன் விளைவாக. இவை எந்தப் பாடத்திலும் அருஞ்சொல்லாக வருவதில்லை. எல்லாப் பாடத்திலும் தெரிந்ததாக வைத்துக்கொண்டு பயன்படுத்தப்படுகின்றன.

யாராவது இதைத் தனியாக எடுத்து நடத்துகிறீர்களா? எந்தப் பாடவேளையில், எப்படி?

அறிவியல் அக்கா எழுதியது:

சார், எங்கள் தலைவலியும் இதேதான். எல்லாரும் அறிவியலில் கலைச்சொல்தான் கடினம் என்று நினைக்கிறார்கள். ஒளிச்சேர்க்கை, நீராவிப்போக்கு எல்லாம் தடித்த எழுத்தில் அச்சாகி, வரையறையோடு, படத்தோடு வருகின்றன. நாங்களும் நின்று நிதானமாக நடத்துகிறோம். அவை எப்படியோ ஏறிவிடும்.

ஏறாதது எது தெரியுமா? ‘முறையே.’ “சோடியம், குளோரின் ஆகியவற்றின் அணு எண்கள் முறையே 11, 17” என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு, 11 எதற்கு 17 எதற்கு என்று கேட்டால் முழிக்கிறார்கள். அணு எண் தெரிகிறது. முறையே தெரியவில்லை. அதே மாதிரி ‘பொறுத்து’, ‘சார்ந்து’, ‘நேர்விகிதத்தில்’, ‘ஆகியவற்றுள்’, ‘தவிர்த்து’.

இன்னொன்று. ‘காரணம் கூறுக: மண்பானையில் வைத்த நீர் குளிர்ச்சியாக இருக்கிறது.’ வந்த விடை: ‘ஏனெனில் மண்பானை குளிர்ச்சியானது.’ அந்தப் பிள்ளைக்கு ஆவியாதலின் வரையறை தலைகீழாகத் தெரியும். பானையில் நுண்துளை இருப்பதும் தெரியும். துளை வழியாகக் கசிகிற நீர் ஆவியாகிறது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கிற நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அதனால் நீர் குளிர்கிறது. இந்த மூன்றையும் கோக்க ‘-வதால்’, ‘அதற்குத் தேவையான’, ‘இதன் விளைவாக’ வேண்டும். அது கைவசம் இல்லாததால், கேள்வியையே திருப்பிப் போட்டு எழுதிவிடுகிறது.

இதை நான் நடத்த ஆரம்பித்தால் பாடத்திட்டம் முடியாது. தமிழாசிரியர்கள்தான் கை கொடுக்க வேண்டும்.

பழம்புலவர் எழுதியது:

அம்மா, கை கொடுக்கத் தயார். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. தமிழ் வகுப்பு மற்றப் பாடங்களுக்கு எடுபிடி வேலை பார்க்கும் இடம் அன்று. வாரத்தில் கிடைக்கும் பாடவேளையில் செய்யுள், உரைநடை, துணைப்பாடம், இலக்கணம், கடிதம், கட்டுரை எல்லாம் முடிக்க வேண்டும். அதில் ‘முறையே’வுக்கு ஒரு நாள், ‘ஆகியவற்றுள்’ளுக்கு ஒரு நாள் என்றால், கம்பனுக்கு எந்த நாள்?

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சிறுவர்கள் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். விருத்தத்தில் இருக்கும், ஓசையோடு நெஞ்சில் நிற்கும். ஒரு பொருளுக்குப் பல பெயர், ஒரு சொல்லுக்குப் பல பொருள் எல்லாம் பன்னிரண்டு தொகுதியில் அடக்கம். அந்தத் தலைமுறைக்குச் சொல் பஞ்சம் வந்ததே இல்லை. தொல்காப்பியர் உரியியலில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ‘வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா, வெளிப்பட வாரா உரிச்சொல் மேன.’ தெரிந்த சொல்லை விளக்க வேண்டாம், தெரியாத சொல்லை விளக்கு. ‘எனினும்’ தெரியாத சொல்லா?

கரிசல்மண் எழுதியது:

ஐயா, அந்த நூற்பாவைத்தான் நானும் சாட்சிக்குக் கூப்பிடுவேன். வெளிப்படு சொல் யாருக்கு வெளிப்பட்டது? உங்களுக்கும் எனக்கும் ‘எனினும்’ வெளிப்படு சொல். எங்கள் ஒன்பதாம் வகுப்பில் அதை வாயால் ஒரு தடவைகூடச் சொல்லியிராத பிள்ளைகள்தான் அதிகம். வீட்டில் ‘இருந்தாலும்’ என்பார்கள். ‘ஞாயிறு’ என்றால் சூரியன் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். நாம் கண்டும் காணாமல் தாண்டிப் போகிற சொற்கள்தான் இன்றைக்கு வெளிப்பட வாராதவை.

எம்எட் மாணவன் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லாரும் பேசுகிற விஷயத்துக்குக் கல்வியியலில் ஒரு பழைய பாகுபாடு உண்டு. அமெரிக்காவில் இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், லிண்டா குக்கன் ஆகியோர் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். முதல் அடுக்கு வீட்டிலேயே வந்துவிடும்: ஓடு, சோறு, கோபம். மூன்றாம் அடுக்கு அந்தந்தப் பாடத்துக்கே உரிய கலைச்சொல்: அசை, ஒளிவிலகல், அட்சரேகை. நடு அடுக்குதான் ஆபத்தானது: காரணி, தன்மை, விளைவு, அடிப்படை, ஒப்பிடு, வலியுறுத்து. எல்லாப் பாடத்திலும் வரும், யாருடைய பாடமும் இல்லை. ஆசிரியர் அதிக நேரம் செலவிட வேண்டியது இந்த நடு அடுக்கில்தான் என்பது அவர்கள் கட்சி.

ஆங்கிலத்துக்கு 2000இல் அவெரில் காக்ஸ்ஹெட் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் கல்லூரி நூல்களை அலசி 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியல் போட்டார். துறை எதுவானாலும் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் மட்டும். நமக்கு அப்படி ஒன்று வேண்டுமானால் நம் பாடநூல்களைத்தான் அலச வேண்டும்.

ஜிம் கம்மின்ஸ் 1979இல் இன்னொரு வேறுபாட்டைக் காட்டினார்: பேச்சில் சரளம் வேறு, பள்ளி மொழியில் தேர்ச்சி வேறு. குடியேறிய குழந்தைகள் இரண்டு ஆண்டில் விளையாட்டுத் திடலில் பிறரோடு சமமாகப் பேசிவிடுகிறார்கள், பாடமொழியில் சமமாக வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கிறது என்பது அவர் கணக்கு. அங்கே அது வேற்றுமொழிக் குழந்தைகளுக்கு. நமக்கோ தாய்மொழிக்குள்ளேயே பேச்சுத் தமிழ் ஒரு பக்கம், எழுத்துத் தமிழ் ஒரு பக்கம். வீட்டிலும் தமிழ், பள்ளியிலும் தமிழ் என்பதால் இடைவெளி இருப்பதே நம் கண்ணில் படுவதில்லை.

அறிவியல் அக்கா எழுதியது:

நடு அடுக்கு. இந்தப் பெயர் போதும் எனக்கு.

நடவு_நட்டவன் எழுதியது:

நான் பத்தாம் வகுப்புக்குத் தமிழ். எங்கள் பக்கம் மானாவாரி, சோளமும் கம்பும். நான் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன், உபயோகப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பில் பாவாணரின் ‘தமிழ்ச்சொல் வளம்’ பாடம் இருக்கிறது அல்லவா? தாவரத்தின் அடிக்கு எத்தனை பெயர் என்று அடுக்கியிருப்பார். நெல், கேழ்வரகுக்குத் தாள். கீரை, வாழைக்குத் தண்டு. கம்பு, சோளத்துக்குத் தட்டு. கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புளிக்கும் வேம்புக்கும் அடி. வழக்கமாக இதை அட்டவணையாக எழுதிப்போட்டு, ஒரு மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்ய வைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

நான் முந்தின நாளே சொல்லிவிடுவேன், ஆளுக்கு ஒன்று கொண்டு வாருங்கள் என்று. சோளத்தட்டு வரும், வாழைத்தண்டு வரும், ஒருவன் மிளகாய்ச் செடியையே பிடுங்கிக்கொண்டு வருவான், அவன் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது தனிக்கதை. எல்லாவற்றையும் தரையில் போட்டு, “வகைப்படுத்துங்கடா” என்பேன். இத்தனைக்கும் சொற்கள் அவர்களுக்குத் தெரிந்தவை. மாட்டுக்குத் தட்டு வெட்டிப் போடுகிற பிள்ளைகள். நான் கற்றுக் கொடுப்பது தட்டையோ தண்டையோ அல்ல. ‘வகைப்படுத்து’ என்கிற வேலையை.

முதலில் ஒரு குழு நீளமானது, குட்டையானது என்று பிரிக்கும். இன்னொரு குழு திங்கிறது, திங்காதது. “எதை வைச்சுப் பிரிச்சீங்க?” என்று கேட்பேன். “உள்ளே சோறு மாதிரி இருக்கிறதை வைச்சு சார், உள்ளே ஓட்டையா இருக்கிறதை வைச்சு சார்” என்பார்கள். அந்த ‘வைச்சு’தான் எழுத்தில் ‘அடிப்படையில்’ ஆகிறது என்று அப்போது கரும்பலகையில் எழுதுவேன். ‘உள்ளமைப்பின் அடிப்படையில் இவற்றை இரண்டாக வகைப்படுத்தலாம்.’ ஒவ்வொரு குழுவும் தங்கள் பிரிப்பை இதே வாக்கியத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். வாயால் சொல்லாமல் எழுத விடுவதில்லை. கழியும் கழையும் வரும்போது ‘வேறுபடுகிறது’, ‘ஒத்திருக்கிறது’ உள்ளே வரும்: ‘கணு உள்ள தன்மையில் கரும்பும் மூங்கிலும் ஒத்திருக்கின்றன. எனினும் உட்பகுதியில் வேறுபடுகின்றன.’ இந்த ‘எனினும்’ எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்த இடத்தில் அது தேவைப்படுகிறது, எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் சமூக அறிவியலில் பாறைகளை வகைப்படுத்தச் சொன்னபோது, ‘உருவான விதத்தின் அடிப்படையில்’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்ததாக அந்த ஆசிரியர் வந்து சொன்னார். பாறைப் பாடத்தில் அந்தச் சொல்லுக்கு அவர் தனியாக மெனக்கெடவே இல்லை.

புலவர் ஐயாவுக்கு: இதற்காகச் செய்யுளையோ உரைநடையையோ நான் தள்ளிவைக்கவில்லை. பாடம் அதே பாடம்தான்.

மூன்றாம்வகுப்பு அம்மா எழுதியது:

இதைப் படித்ததும் எங்கள் வீட்டு நோட்டு நினைவுக்கு வந்தது. சொல், பொருள், வாக்கியத்தில் அமைத்து எழுதுக. என் மகள் எல்லாச் சொல்லுக்கும் ஒரே வாக்கியம்தான் எழுதுகிறாள். ‘நான் கருணையைப் பார்த்தேன். நான் விளைவைப் பார்த்தேன். நான் ஆற்றலைப் பார்த்தேன்.’ ஆசிரியர் எல்லாவற்றுக்கும் சரி போட்டிருக்கிறார்.

மலைப்பள்ளி எழுதியது:

அம்மா, அந்த நோட்டுகளை நானும் பார்க்கிறேன், சிரிப்பும் வரும். வாக்கியத்தில் அமைக்கச் சொல்வதைவிட, வாக்கியத்தைப் பாதி கொடுத்துவிட்டு முடிக்கச் சொன்னால் ஏமாற்ற முடியாது. ‘மழை பெய்யாததன் விளைவாக…’ என்று நிறுத்தினால் அடுத்து வருவது பொருள் தெரிந்துதான் வர வேண்டும். ஒன்று முதல் மூன்று வரை எடுக்கிறேன். 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு கதை, பாட்டு, பொம்மை எல்லாம் வகுப்பில் நிறைய. அதில் குழந்தைகள் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைத் திருத்தாமல், அவர்கள் சொன்னதையே நான் எழுத்து நடையில் திருப்பிச் சொல்வேன். “அவன் பயந்துட்டான் டீச்சர், அதான் ஓடிட்டான்.” “ஆமாம், பயந்ததால் ஓடிவிட்டான்.” நடு அடுக்கு மூன்றாம் வகுப்பிலேயே ‘-தால்’ வழியாகத் தொடங்கிவிடுகிறது என்பது என் அனுபவம்.

பிழைதிருத்தி எழுதியது:

ஆசிரியர் இல்லை, மெய்ப்புத் திருத்துபவன். எல்லாரும் ஒரே பக்கமாகப் போகிறீர்கள், அதனால் மறுபக்கம் சொல்கிறேன்.

பள்ளியில் ‘கனமான’ சொல் கற்றுக் கொடுத்ததன் பலனை நான் தினமும் சிவப்பு மையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். ‘ஆய்வு செய்தோம்’ என்று எழுத மாட்டார்கள். ‘ஆய்வானது மேற்கொள்ளப்பட்டது.’ ‘நீர் குறைந்தது’ வராது. ‘நீரின் அளவில் குறைவு ஏற்படுத்தப்பட்டுள்ளது.’ யார் ஏற்படுத்தினார்கள்? தெரியாது. ‘ஆனது’, ‘மேற்கொள்’, ‘ஏற்படுத்து’, ‘படுகிறது’ நான்கையும் எடுத்துவிட்டால் பல ஆய்வேடுகள் பாதியாகச் சுருங்கும். இவையும் உங்கள் நடு அடுக்குச் சொற்கள்தானே? பிள்ளைகளுக்கு இந்த நோயையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கரிசல்மண் எழுதியது:

பிழைதிருத்தி சார், நியாயமான பயம். ஆனால் நோய் பெயர்ச்சொல்லாக்குவதில் இல்லை, காரணமில்லாமல் பெயர்ச்சொல்லாக்குவதில் இருக்கிறது.

‘காடு அழிந்தது. மழை குறைந்தது.’ இரண்டு செய்தி. அடுத்த வாக்கியத்தில் முதல் செய்தி முழுவதையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மேலே பேச வேண்டும் என்றால் ‘இந்த அழிவு’ என்றோ ‘காடழிப்பு’ என்றோ சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் தொழிற்பெயர். பாடத்தில் தொழிற்பெயர் விகுதி என்று தல், அல், அம், கை, வை, பு, வு, சி, வி, மை, பாடு எல்லாம் நடத்துகிறோம், ஓர் உதாரணம் சொல்கிறோம், போகிறோம். அதையே சொற்பட்டறையாக மாற்றிவிட்டேன். ‘பாடு’ என்ற ஒற்றை விகுதியை எழுதிப்போட்டு, இதில் முடிகிற சொற்களை அறிவியல், சமூக அறிவியல், கணக்குப் புத்தகங்களில் தேடச் சொன்னேன். வேறுபாடு, குறைபாடு, செயல்பாடு, வெளிப்பாடு, முரண்பாடு, கட்டுப்பாடு, நிலைப்பாடு, சமன்பாடு என்று வந்துகொண்டே இருந்தது. ‘சாப்பாடு’ என்று ஒருத்தி எழுதியதற்குக் கொஞ்ச நேரம் சிரிப்பும் விவாதமும். பிறகு ஒவ்வொன்றையும் வினையாக்கிக் காட்டச் சொன்னேன்: முரண்படுகிறது, வெளிப்படுகிறது, செயல்படுகிறது. போகவும் தெரிய வேண்டும், திரும்பி வரவும் தெரிய வேண்டும். திரும்பி வரத் தெரிந்தவர் ‘மேற்கொள்ளப்பட்டது’ எழுத மாட்டார் என்று நம்புகிறேன்.

பிழைதிருத்தி எழுதியது:

திரும்பி வரச் சொல்லிக் கொடுப்பது நல்ல காரியம். அதை நிறுத்திவிடாதீர்கள்.

அறிவியல் அக்கா எழுதியது:

இந்தப் பகுபத வேலையை எங்கள் பாடத்துக்கும் கொஞ்சம் கடன் கொடுங்கள். ‘மாறிலி’யில் ‘இலி’ என்றால் இல்லாதது என்று தெரிந்தால், கணக்கில் ‘முடிவிலி’ வரும்போது தானாகத் திறக்கும். ‘தன்வெப்ப ஏற்புத்திறன்’ என்ற பெயரைக் கண்டதுமே பிள்ளைகள் மலைத்துப் போகிறார்கள். வெப்பத்தை ஏற்கும் திறன், அதுவும் அந்தப் பொருளுக்கே உரியது, அதனால் ‘தன்’ என்று பிரித்துக் காட்டினால் வரையறையில் பாதி பெயரிலேயே இருக்கிறது. தமிழ் வழியில் படிப்பவனுக்கு இருக்கிற பெரிய வசதி இது. நாம்தான் அதைப் பயன்படுத்துவதில்லை.

வன்னிக்காற்று எழுதியது:

இலங்கையிலிருந்து ஓர் ஆசிரியை. எங்களிடம் உயர்தரம் (உங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மாதிரி) வரை விஞ்ஞானமும் கணிதமும் தமிழிலேயே நடக்கின்றன. அதற்கும் முந்திய கதை உண்டு: 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர், நூல்களையும் தமிழாக்கினவர். எனவே கலைச்சொல் எங்களுக்குப் பழகின விஷயம்.

இப்போதைய தலையிடி வேறு. பிள்ளைகள் யூடியூபில் தமிழ்நாட்டுப் பாடங்களையும் பார்த்துப் படிக்கினம். உங்கள் ‘நிறை’ கிலோகிராமில் அளப்பது, எங்களுக்கு அது ‘திணிவு’. எங்கள் ‘நிறை’ நியூற்றனில் அளப்பது, உங்களுக்கு அது ‘எடை’. ஒரே சொல், இரண்டு கணியம். உங்கள் ‘திசைவேகம்’ எங்களுக்கு ‘வேகம்’, உங்கள் ‘வேகம்’ எங்களுக்குக் ‘கதி’, உங்கள் ‘முடுக்கம்’ எங்களுக்கு ‘ஆர்முடுகல்’. நல்ல கெட்டிக்காரப் பெடியன் ஒருத்தன் தவணைப் பரீட்சையில் நிறைக்கு அலகு கிலோகிராம் என்று எழுதிப் புள்ளியை இழந்தான். இப்போது வகுப்பில் இரு நாட்டுச் சொல்லையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஆனால் கவனித்தீர்களோ, நீங்கள் சொல்லும் நடு அடுக்குச் சொற்கள் இரண்டு கரையிலும் ஒன்றுதான். ஒப்பிடுக, விளக்குக, காரணி, விளைவு. கலைச்சொல்லில்தான் பிரிந்து நிற்கிறோம். தமிழ்மொழியும் இலக்கியமும் பாடத்தில் நான் ‘எனவே, ஆகவே, எனினும், மாறாக, குறிப்பாக’ என்பவற்றை மட்டும் நீக்கிவிட்டு ஒரு பத்தியைக் கொடுத்து, எது எங்கே வரும் என்று இருவர் இருவராக வாதாட விடுவேன். ஒரே இடத்தில் ‘எனவே’ போட்டால் ஒரு கருத்து, ‘எனினும்’ போட்டால் நேர் எதிர்க் கருத்து. ‘அவர் வறுமையில் வாழ்ந்தார், எனவே எழுதினார், எனினும் எழுதினார்.’ இதற்கு மட்டும் ஒரு பாடவேளை முழுக்கச் சண்டை.

சிராங்கூன் எழுதியது:

சிங்கப்பூரில் எங்கள் நிலை தலைகீழ். மற்றப் பாடமெல்லாம் ஆங்கிலத்தில், தமிழ் மட்டும் தாய்மொழிப் பாடம். ‘கம்பேர்’ என்றால் மாணவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகவே தெரியும். ‘ஒப்பிடு’ என்ற சொல் மட்டும்தான் புதிது. எனவே எங்களுக்குச் சொல்லைக் கொடுத்தால் போதும், உங்களுக்குச் செயலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்வழி_பொறியாளன் எழுதியது:

சிராங்கூன் சொன்னதற்கு இன்னொரு முனை நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, அப்புறம் ஆங்கிலத்தில் பொறியியல். முதல் பருவம் நரகம். ஆனால் வகுப்பில் தேறியவர்களைக் கவனித்தேன். தமிழில் ‘காரணி’, ‘சார்பு’, ‘மாறி’ என்று தெளிவாகப் படித்துவிட்டு வந்தவன் ‘ஃபேக்டர்’, ‘ஃபங்ஷன்’, ‘வேரியபிள்’ என்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்டான். தமிழிலேயே மனப்பாடம் செய்து வந்தவனுக்கு மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டும் தமிழ் வழியில் தொடங்கினார்கள். அது ஏன் பெரிதாக வளரவில்லை என்பது வேறு விவாதம், இங்கே வேண்டாம்.

பழம்புலவர் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். தட்டு, கழி வைத்து நடத்தியவருக்கு என் வாழ்த்து. அது தமிழ்ப் பாடமேதான், எடுபிடி வேலை இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

என் கட்சிக்கு நான் கொண்டுவந்த உரியியலில் வேறொரு நூற்பாவும் உண்டு. ‘பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே.’ ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லி, அந்தப் பொருளுக்குப் பொருள் கேட்டு, அதற்கும் பொருள் கேட்டுக்கொண்டே போனால் எல்லையே கிடையாது. ‘நிறுவுக’ என்றால் நிலைநாட்டுக, நிலைநாட்டுக என்றால் உறுதிப்படுத்துக என்று எழுதிப்போட்டு என்ன பயன்? அங்கேயே ‘உணர்ச்சி வாயில் உணர்வோர் வலித்தே’ என்றும் சொல்லிவிட்டார். உணர்கிறவனின் வலிமையைப் பொறுத்ததுதான் உணர்கிற வழி. அந்த வழியைக் கண்டுபிடிப்பது ஆசிரியன் வேலை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நடு அடுக்கு, நடு அடுக்கு என்று இதற்கும் ஓர் அட்டவணை அச்சடித்து, ஐந்து முறை எழுதி வா என்று சொல்லும் நாள் தொலைவில் இல்லை. அதைச் செய்யும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். பிள்ளைகள் படிக்க வேண்டும். நல்ல உரைநடையைப் பக்கம் பக்கமாக, மதிப்பெண் இல்லாமல். ‘எனினும்’ அப்படித்தான் எனக்கு வந்தது, யாரும் கரும்பலகையில் எழுதிப்போடவில்லை.

நடவு_நட்டவன் எழுதியது:

ஐயா, படிக்கிற பிள்ளைக்கு அப்படி வரும். வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைக்கு வகுப்பில்தான் வர வேண்டும். இரண்டும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாம்வகுப்பு அம்மா எழுதியது:

நான் என்ன செய்யட்டும் வீட்டில்? டியூஷன் அனுப்ப உத்தேசம் இல்லை.

மலைப்பள்ளி எழுதியது:

தனியாகச் சொல் நோட்டு வேண்டாம் அம்மா. தினமும் ஏதாவது ஒன்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவள் வயதுக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும் பரவாயில்லை. நடுவில் நிறுத்தி “ஏன்?”, “அதனால என்ன ஆச்சு?”, “நேத்து படிச்ச கதையில வந்தவனும் இவனும் எதுல ஒண்ணு?” என்று கேளுங்கள். பதில் பேச்சுத் தமிழில் வரட்டும். நீங்கள் மட்டும் புத்தகத்தில் இருக்கிற சொல்லைப் போட்டுத் திருப்பிச் சொல்லுங்கள்.

எம்எட் மாணவன் எழுதியது:

ஒரு சந்தேகம். விவரி, விளக்கு, இரண்டும் ஒன்றா? எங்கள் கல்லூரியிலேயே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

அறிவியல் அக்கா எழுதியது:

எனக்கு இல்லை. இதயத்தின் அமைப்பை விவரி என்றால் என்னென்ன பாகம், எங்கே இருக்கிறது. இதயம் வேலை செய்யும் விதத்தை விளக்கு என்றால் எது நடந்து எதற்குக் காரணமாகிறது. ஆனால் விடைக்குறிப்பில் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மதிப்பெண் போடுகிறோம். ‘வேறுபடுத்துக’வுக்கு இரண்டு வரையறை எழுதினால் முழு மதிப்பெண் கொடுக்கிற விடைக்குறிப்பையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் பிள்ளை எதற்காக மெனக்கெட வேண்டும்?

கரிசல்மண் எழுதியது:

கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. பொதுத்தேர்வு விடைக்குறிப்பு நம் கையில் இல்லை. அலகுத் தேர்வு நம் கையில் இருக்கிறது. அடுத்த அலகுத் தேர்வில் ஐந்து மதிப்பெண் ஒப்பீட்டு வினாவை இப்படிப் பிரிக்கலாம் என்று இருக்கிறேன்: செய்திக்கு இரண்டு, எந்த அடிப்படையில் ஒப்பிடுகிறோம் என்று சொன்னதற்கு ஒன்று, ஒத்த இடத்தையும் வேறுபட்ட இடத்தையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்ததற்கு இரண்டு. இரண்டு பத்தி கதை எழுதினால் இரண்டுக்கு மேல் கிடையாது.

நடவு_நட்டவன் எழுதியது:

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் சார். பழைய கணக்கில் எழுதிப் பழகின பிள்ளைகள், திடீரென்று மாற்றினால் அழும். பெற்றோரும் வந்து நிற்பார்கள். மதிப்பெண் பிரிப்பை வினாவுக்குப் பக்கத்திலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டால் கேள்வியே வராது.

கரிசல்மண் எழுதியது:

சரி, அப்படியே செய்கிறேன். விடைத்தாள் வந்ததும், பெயரை மறைத்து இரண்டு மூன்று விடைகளைத் தட்டச்சு செய்து இங்கே போடுகிறேன். புலவர் ஐயாவும் அறிவியல் அக்காவும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பார்க்க வேண்டும்.

அறிவியல் அக்கா எழுதியது:

நான் தயார். ஐயா சிவப்பு மை எடுத்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.